முதல் ஒரு நிமிடம்

கடல் கடந்து சென்று உயிர்காக்கும் திறனைக் கற்பிப்போரைப் பற்றியும், அத்திறன் நம் ஊர் வரை வந்து சேர்ந்த வழியைப் பற்றியும்

திருச்சிராப்பள்ளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தாயுமானவர் கதை புதிதன்று. நிறைமாதக் கர்ப்பிணியான இரத்தினாவதி, பேறு பார்க்க வரவேண்டிய தன் தாயை எதிர்நோக்கிக் காத்திருக்கிறாள். தாயும் புறப்பட்டு வருகிறாள். ஆனால் காவிரியில் வெள்ளம் பெருக்கெடுத்து ஓடுகிறது. தாய் அக்கரையில், மகள் இக்கரையில். வலியோ வெள்ளம் வடியும் வரை காத்திருப்பதில்லை. மலைக்கோட்டை இறைவனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது தலபுராணம். சுகப்பேறு வேண்டி அச்சந்நிதியில் வாழைத்தார் படைக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

இக்கதையைப் பக்தியோடு கேட்போர் பலர். மருத்துவமனையில் பணிபுரிவோருக்கு இது இன்னொரு செய்தியையும் சொல்கிறது. உதவி இருந்தது; அன்பு இருந்தது; அனுபவமும் இருந்தது. ஆனால் எல்லாம் அக்கரையில் இருந்தன. பேறுகாலத்தில் ஒரு திறன் எங்கோ இருப்பதால் மட்டும் பயனில்லை. வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், ஒருவருடைய கைகளில் அது இருந்தாக வேண்டும்.

இன்று காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பாலங்கள் உண்டு. இரு ஆறுகளுக்கு நடுவே அமைந்த ஸ்ரீரங்கத்திலிருந்து நகரின் பெரிய மருத்துவமனைகளுக்குச் சிறிது நேரத்தில் வந்துவிடலாம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. உலகம் முழுவதும் நிலை இவ்வாறு இல்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் பிறந்து ஒரு மாதம் நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 23 இலட்சம். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்தடை, தொற்று ஆகியவை அவ்விறப்புகளின் முதன்மைக் காரணங்களுள் அடங்கும். இவற்றுள் மூச்சுத்தடையைப் பல நேரங்களில் இரு கைகளும், ஒரு துணியும், ஒரு சிறு பையும் கொண்டே வெல்ல முடியும். அவ்வித்தையைக் கற்பிப்பதற்காகவே மருத்துவர்களும் செவிலியர்களும் தம் விடுப்பு நாள்களைச் செலவிட்டு, ஊதியம் எதிர்பாராமல், அயல்நாடுகளுக்குச் செல்கின்றனர்.

அந்த ஒரு நிமிடத்தில் நிகழ்வது என்ன?

கருவறையில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் வழியே மூச்சு இல்லை. வேண்டிய உயிர்வளி முழுவதும் தொப்புள்கொடி வழியாகவே வருகிறது. நுரையீரலுக்குள் நீர் நிறைந்திருக்கிறது. பிறந்தவுடன் குழந்தை அழும்போது காற்று உள்ளே புகுகிறது. நீர் மெல்ல உறிஞ்சப்படுகிறது. நுரையீரலுக்குக் குருதி பாய்கிறது. நாம் கேட்டு மகிழும் முதல் அழுகை உண்மையில் இத்தனை மாற்றங்களின் அறிவிப்பு ஆகும்.

நூறு குழந்தைகள் பிறந்தால் அவற்றுள் ஏறத்தாழ 85 தாமாகவே மூச்சுவிடத் தொடங்கிவிடும். பத்துக் குழந்தைகள், ஈரம் துடைத்து முதுகை மெல்லத் தேய்த்துவிட்டால் மூச்சுவிடும். எஞ்சிய ஐந்து குழந்தைகளுக்கே பை, முகமூடி ஆகியவற்றின் உதவியால் காற்று செலுத்த வேண்டியிருக்கும். மருந்தோ, மார்பை அழுத்தும் சிகிச்சையோ தேவைப்படுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவே.

பயிற்சி பெற்ற செவிலியர் செய்வது இதுதான். குழந்தையை உலர்ந்த துணியால் துடைப்பார். ஈரத்துணியை அகற்றிக் கதகதப்பாக வைப்பார். அழுகை வராவிடில் தலையைச் சற்றே நிமிர்த்தி மூச்சுவழியைச் சீராக்குவார்; வாயிலும் மூக்கிலும் அடைப்பு இருந்தால் நீக்குவார்; முதுகைத் தேய்த்துவிடுவார். அதற்கும் மூச்சு வராவிடில், பிறந்து ஒரு நிமிடம் முடிவதற்குள், சிறு முகமூடியை மூக்கையும் வாயையும் மூடுமாறு பொருத்தி, அதனுடன் இணைந்த பையை நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முறை அழுத்துவார். ஒவ்வொரு முறையும் குழந்தையின் மார்பு எழுகிறதா என்று பார்ப்பார். எழாவிடில் முகமூடியைச் சரிசெய்வார். மருத்துவர்கள் ‘பொன் நிமிடம்’ என்று குறிப்பிடுவது இந்நேரத்தையே.

நம் மருத்துவமனைகளில் ‘ஆம்பு பை’ என்று வழங்கும் அக்கருவி 1950-களில் டென்மார்க் நாட்டில் உருவானது. அழுத்தியபின் தானாகவே விரியும் பை அது. மின்சாரம் இல்லாத இடத்திலும் இயங்கும். அதன் அருமையும் அதுவே. ஆனால் அதை முறையாகப் பிடிக்கும் விரல்கள் இல்லையேல் அது வெறும் இரப்பர்ப் பையே ஆகும்.

யாழ்ப்பாணத்திற்கு வந்த ஒரு மருத்துவர்

கடல் கடந்து வந்து மருத்துவத் திறனைக் கற்பித்தவர்களின் வரலாறு தமிழருக்கு நெருக்கமானது. 1847-ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் இளம் மருத்துவர் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. மானிப்பாயில் அவர் நடத்திய மருத்துவ நிலையத்தை நாடி நாள்தோறும் நோயாளிகள் வந்தனர். ஒரு மனிதரின் இரு கைகள் எத்தனை பேருக்குப் போதும்? ஆகவே உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

முதலில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலம் வழியே கற்றோர் அரசுப் பணிகளை நாடிச் செல்வதையும், ஊர்மக்களிடையே தங்கி மருத்துவம் செய்வோர் குறைவதையும் கண்டார். மக்களின் மொழியில் கற்றவர் மக்களோடு இருப்பார் என்று எண்ணி, 1860-களில் பயிற்சி முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். அதற்குப் பாடநூல்கள் வேண்டுமே! தாமே தமிழைக் கற்றுத் தேர்ந்து, தம் மாணவர்களின் துணையோடு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் 1857-இல் வெளிவந்த ‘பிரசவ வைத்தியம்’ பேறுகால மருத்துவம் பற்றியது. 1867-இல் அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’ வந்தது. 1872-இல் உடற்கூற்றியலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ வந்தது.

அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். 1873-இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்னரும், 1884-இல் இறக்கும் வரை அவர் தமிழ் மருத்துவ நூற்பணியைத் தொடர்ந்தார். அமெரிக்க மண்ணில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லும் அவரைத் தமிழருக்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்றே அறிமுகம் செய்கிறது.

கிறீன் தம் கையால் குணப்படுத்திய நோயாளிகளின் வாழ்வு அவர்களோடு முடிந்தது. அவர் கற்பித்த கல்வியோ அவருடைய மாணவர்களிடமும், அம்மாணவர்கள் நாடிச் சென்ற ஊர்களிலும் தங்கியது. அயலார் வந்து கற்பிக்கும் எந்தப் பயிற்சியையும் எடைபோட இன்றும் இதுவே சரியான அளவுகோல்: கற்பித்தவர் கப்பல் ஏறிய மறுநாள் அங்கே என்ன எஞ்சியிருக்கிறது?

திண்டிவனத்தில் ஓர் இரவு

தமிழகத்தில் இதற்கு நிகரான கதை ஐடா ஸ்கடருடையது. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த இவர் அமெரிக்க மருத்துவக் குடும்பம் ஒன்றின் பெண். மருத்துவராகும் எண்ணமே இல்லாமல் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு இவரை வேண்டினர். மருத்துவரான தம் தந்தையை அனுப்புவதாக அவர் கூறியபோது, அயல் ஆடவர் பேறு பார்ப்பதை ஏற்க இயலாது என்று திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்தனர்.

அங்கு வெள்ளம் இல்லை. மருத்துவரும் அதே ஊரில்தான் இருந்தார். ஆயினும் உதவி அக்கரையில்தான் இருந்தது. இடையில் ஓடியது வேறோர் ஆறு.

ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். ஒரே படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். தாம் ஒருவராகப் பேறு பார்ப்பதால் சிக்கல் தீராது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இந்தியப் பெண்களே மருத்துவராகவும் செவிலியராகவும் ஆனபோதுதான் அந்த ஆற்றைக் கடக்க முடிந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் இதுவே.

பொம்மையைக் கொண்டு ஒரு பாடம்

நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் உலக நலவாழ்வு நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளும் இணைந்து, வசதி குறைந்த இடங்களில் பேறு பார்ப்போருக்கென எளிய பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தன. ‘குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்’ என்னும் பொருள்படும் பெயருடன் அது 2010-இல் வெளியானது. அதற்கு முன்பே, 2009-இல், இந்திய அரசு ‘நவஜாத சிசு சுரக்ஷா காரியக்கிரம்’ என்ற பெயரில் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்குமான பிறந்த குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியைத் தொடங்கியிருந்தது.

இப்பயிற்சி நடக்கும் அறையில் பெரிய கருவிகள் எவையும் இருப்பதில்லை. சுவரில் ஒரு படம் தொங்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று வண்ணங்களில், எந்நிலையில் எது செய்ய வேண்டும் என்பதை அது காட்டும். எழுத்து அதிகம் இல்லை, படங்களே பேசும். மேசைதோறும் ஒரு குழந்தைப் பொம்மை. அதனுள் இளஞ்சூடான நீரை நிரப்பினால் பிறந்த குழந்தையின் எடையும் மென்மையும் வந்துவிடும். சிறு குமிழ் ஒன்றை அழுத்தினால் தொப்புள்கொடியில் துடிப்பு தெரியும். இன்னொன்றை அழுத்தினால் மார்பு எழும். இப்பொம்மையைச் செய்த நார்வே நிறுவனம் விளையாட்டுப் பொம்மைகள் செய்வதில் வளர்ந்தது. அதன் நிறுவனரே 1960-இல், மூச்சு நின்றவரை மீட்கும் பயிற்சிக்கான முதல் மனித உருப் பொம்மையையும் உருவாக்கினார்.

இருவர் இருவராகப் பயிற்சி பெறுகின்றனர். ஒருவர் செவிலியர், மற்றவர் தாயாகவும் குழந்தையாகவும் நடிப்பார். பின்னர் இடம் மாற்றிக்கொள்வர். முகமூடி சரியாகப் பொருந்தாவிடில் பொம்மையின் மார்பு எழாது. மார்பு எழும் வரை விரல்களை மாற்றி மாற்றி வைத்துப் பழக வேண்டும். பல ஆண்டுகள் பேறு பார்த்த மூத்த செவிலியரும் முதல்முறை தடுமாறுவது உண்டு. அதில் வெட்கப்பட ஏதும் இல்லை. தடுமாறுவதற்கான இடம் அந்த மேசையே அன்றிப் பேறுகால அறை அன்று.

பயிற்சியின் இன்றியமையாத பகுதி இறுதியில் வருகிறது. நன்கு தேறியவர்கள் அதே நிகழ்வில் பயிற்றுநர்களாக ஆக்கப்படுகின்றனர். அயலிலிருந்து வந்தவர் பின்வரிசையில் அமர்ந்துகொள்ள, உள்ளூர்ச் செவிலியர் தம் மொழியில் தம் தோழியருக்குக் கற்பிக்கிறார். கிறீன் மானிப்பாயில் கண்டறிந்த அதே வழி!

இறந்து பிறந்ததாக எண்ணப்பட்டவை

இப்பயிற்சியால் உண்மையில் உயிர்கள் காக்கப்படுகின்றனவா? ஆய்வுகள் சிலவற்றைக் காண்போம். தான்சானியா நாட்டின் எட்டு மருத்துவமனைகளில் நடைபெற்று 2013-இல் வெளியான ஆய்வில், பயிற்சிக்குப் பின், பிறந்த 24 மணி நேரத்துக்குள் நிகழும் இறப்புகள் 47 விழுக்காடு குறைந்தன.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு நமக்கு அண்மையில், கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் நடந்தது. அங்கே இறந்து பிறக்கும் குழந்தைகளின் பங்கு 3.0 விழுக்காட்டிலிருந்து 2.3 விழுக்காடாகக் குறைந்தது. பிறந்த பின்னர் நிகழும் இறப்புகளில் மாற்றம் தெரியவில்லை. இதை நின்று சிந்திக்க வேண்டும். பயிற்சி தொடங்குவதோ குழந்தை பிறந்த பிறகு. அப்படியிருக்க, இறந்து பிறக்கும் குழந்தைகள் எவ்வாறு குறைய முடியும்? இறந்து பிறந்ததாகக் கருதித் துணியில் சுற்றி வைக்கப்பட்ட குழந்தைகளுள் சில உண்மையில் இறந்திருக்கவில்லை; மூச்சு மட்டுமே தொடங்காமல் இருந்தன என்பதே ஆய்வாளர் தரும் விளக்கம். ஒரு நிமிடம் ஒருவர் காற்று செலுத்தியிருந்தால் அவை அழுதிருக்கும்.

இவ்வரிகளைப் படிக்கும் நம் வாசகர்களுள் குழந்தையை இழந்தவர்களும் இருப்பர். எல்லா இழப்பும் இத்தகையது அன்று. கருவறையிலேயே உயிர் நீத்த குழந்தையை எந்தப் பயிற்சியாலும் மீட்க இயலாது. நிகழ்ந்ததை எண்ணித் தம்மையே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டா என்று அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

ஒருநாள் பயிற்சி போதுமா?

தன்னார்வலரின் பணியைப் புகழ்வது எளிது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். தான்சானியாவின் ஹைடம் என்னும் ஊரகப் பகுதி மருத்துவமனையில் ஒருநாள் பயிற்சியின் பயனை ஆராய்ந்தனர். ஏழு மாதங்களுக்குப் பின்னும் செவிலியர்கள் பொம்மையின்மீது சிறப்பாகச் செய்துகாட்டினர். ஆனால் பேறுகால அறையில் உண்மையான குழந்தைக்கு அவர்கள் செய்தவற்றில் மாற்றம் ஏதும் காணப்படவில்லை! கற்றது கைக்கு வந்தது. ஆனால் நள்ளிரவில், பதற்றத்தின் நடுவே, அது பயன்படவில்லை.

அவ்வாய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. பொம்மையைப் பேறுகால அறைக்கு அருகிலேயே வைத்தனர். பணிக்கு வரும்போது சில நிமிடம், ஓய்வு கிடைக்கும்போது சில நிமிடம் எனச் சிறுசிறு பயிற்சியாக மீண்டும் மீண்டும் செய்யுமாறு ஏற்பாடு செய்தனர். அதன்பின் 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு 11-லிருந்து 7 ஆகக் குறைந்தது.

ஒரு வாரம் வந்து கற்பித்து, சான்றிதழ் வழங்கி, குழுவாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அப்பயணத்தின் பயன் பெரும்பாலும் பயணம் செய்தவருக்கே. மீண்டும் அதே ஊருக்குச் செல்வோரும், உள்ளூர்ப் பயிற்றுநரோடு ஆண்டு முழுவதும் தொடர்பில் இருப்போரும், பொம்மையையும் பையையும் அங்கேயே விட்டுவருவோரும்தாம் எஞ்சி நிற்கும் பணியைச் செய்கின்றனர். பையை விட்டுவந்தால் மட்டும் போதாது. அது எங்கே வைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். களவு போய்விடுமோ என்ற அச்சத்தால் கருவியை அலமாரியில் பூட்டி, சாவியைப் பொறுப்பாளர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பூட்டிய அலமாரியில் இருக்கும் பை, அக்கரையில் இருக்கும் தாயைப் போன்றதே.

மீண்டும் யாழ்ப்பாணம்

கற்றவர் கற்பிப்பவராக மாறுவதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கிய அவசரகால ஊர்தி நிறுவனத்துக்கு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அவசர மருத்துவத் துறையினர் 2007 முதல் பயிற்சித் திட்டம் வகுப்பதில் துணைநின்றனர். தமிழ்நாட்டில் 108 ஊர்திச் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு அந்நிறுவனத்திடமே வழங்கப்பட்டது. இன்று நம் தெருவுக்கு வரும் 108 ஊர்தியில் அமர்ந்திருக்கும் மருத்துவ நுட்புநர், வழியிலேயே குழந்தை பிறந்தால் பேறு பார்க்கவும் பயிற்சி பெற்றவர்.

2016-இல் இந்திய அரசின் நிதியுதவியோடு இலங்கையில் ‘1990 சுவசெரிய’ என்னும் இலவச ஊர்திச் சேவை தொடங்கியது. அதற்கான மருத்துவ நுட்புநர்கள் ஐதராபாத்துக்கு வந்து பயிற்சி பெற்றனர். 2018 ஜூலையில் அச்சேவை வடமாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டு, யாழ்ப்பாணத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த அதே மண்ணுக்கு, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், உயிர்காக்கும் திறன் மீண்டும் கடல் கடந்து சென்றது. இம்முறை அது புறப்பட்ட இடம் நம் நாடு.

குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

இத்தனை தொலைவு பயணம் செய்து வந்த திறன் பயன்பட வேண்டுமானால், இறுதிக் கண்ணியாக நிற்கும் குடும்பத்தாரின் ஒத்துழைப்பும் வேண்டும்.

பிறந்த குழந்தை உடனே அழாவிடில், செவிலியர் அதை விரைந்து வெப்ப மேசைக்கு எடுத்துச் செல்வார். அப்போது உங்களிடம் விளக்கம் சொல்ல அவருக்கு நேரம் இராது. அந்த அமைதி அலட்சியத்தால் வருவதன்று. ஆணா பெண்ணா என்று கேட்பதற்கும், குழந்தையைக் காட்டுமாறு வேண்டுவதற்கும் அந்த ஒரு நிமிடம் ஏற்றதன்று. குழந்தை நிலைபெற்றதும் முழு விவரத்தையும் கேட்டறிவது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

நலமாகப் பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று மார்பின்மீது கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துவதே சிறந்த கதகதப்பு. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்டத் தொடங்க வேண்டும். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டா. பெரியோர் அன்பினால் சேனை தொட்டு வைக்க விரும்பலாம். சர்க்கரை நீரும் தேனும் குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதை அவர்களுக்குப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். வாழ்த்து அவர்கள் வாயிலிருந்து வரட்டும்; முதல் உணவு தாயிடமிருந்து வரட்டும்.

பிரசவ வலி கண்டவுடன் காலம் தாழ்த்தாது புறப்படுங்கள். எதிர்பாராமல் வீட்டிலோ வழியிலோ குழந்தை பிறந்துவிட்டால், பின்வருவனவற்றை நினைவிற்கொள்ளுங்கள்.

• உடனே 108-ஐ அழையுங்கள். அழைப்பைத் துண்டிக்காமல், அவர்கள் சொல்வதைக் கேட்டு நடங்கள்.

• தூய, உலர்ந்த துணியால் குழந்தையின் தலையையும் உடலையும் நன்கு துடையுங்கள். ஈரத்துணியை நீக்கி, வேறு துணியால் போர்த்துங்கள்.

• அழாவிடில் முதுகெலும்பின் இருபுறமும் மெல்லத் தேய்த்துவிடுங்கள். தலைகீழாகப் பிடிப்பதும், அடிப்பதும், தண்ணீர் தெளிப்பதும் கூடா.

• குழந்தையைத் தாயின் மார்பின்மீது வைத்து இருவரையும் போர்த்துங்கள்.

• தொப்புள்கொடியை இழுக்கவோ, வீட்டுக் கத்தி அல்லது பிளேடு கொண்டு அறுக்கவோ வேண்டா. உதவி வரும் வரை கொடி அப்படியே இருக்கலாம்.

• தாய்க்குக் குருதிப்போக்கு மிகுந்தால், மயக்கம் அல்லது வலிப்பு வந்தால், அதை அழைப்பில் உடனே தெரிவியுங்கள்.

குழந்தை நன்றாக அழுதாலும், தாயும் சேயும் அன்றே மருத்துவமனைக்கு வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை ஒருமுறை படித்து மூடிவைத்தால் ஹைடம் மருத்துவமனையின் ஒருநாள் பயிற்சியைப் போலவே மறந்துவிடும். வீட்டில் கர்ப்பிணி இருப்பின், மாதம் ஒருமுறை குடும்பத்தார் கூடி இவற்றை ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள். எந்த மருத்துவமனைக்குச் செல்வது, இரவில் யார் உடன் வருவது, பேறுகாலக் கையேடு எங்கே இருக்கிறது என்பவற்றை இப்போதே முடிவு செய்யுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்கள் ஐயங்களைச் செவிலியரிடம் கேளுங்கள். விருப்பமுள்ளோர் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக்கும் பெயர் கொடுக்கலாம். அதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.

மலைக்கோட்டைக் கதையில் வெள்ளம் வடிந்த பின்னர் உண்மையான தாய் வந்து சேர்ந்தாள். அவள் வந்தபோது பேறு முடிந்திருந்தது. மகளும் குழந்தையும் நலமாக இருந்தனர். அவளுக்கு முன்பே அங்கே ஒருவர் இருந்தார். பேறுகால அறையின் செவிலியரோ, 108 ஊர்தியின் நுட்புநரோ, உங்கள் வீட்டில் உள்ள ஒருவரோ அந்த இடத்தில் நிற்க வேண்டியவர். அவர் கைக்குத் திறன் முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை பேர் கடல் கடந்து சென்று கற்பிக்கின்றனர்.